இடக்கையில் சீட்டு, வலக்கையில் கீபோர்ட்

ஷோர்ட்கட் கீகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வாசிக்கிறவருக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். கொன்ட்ரோலையும் ஷிஃப்டையும் இடக்கையால் அமர்த்து, வலக்கையால் இந்த எழுத்தைத் தட்டு என்கிறார்கள். சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் மில்லில் கணக்கெழுதுகிற எனக்கு, பெரும்போக அறுவடை தொடங்கினால் ஒரு கைதான் மிச்சம். இடக்கையில் தராசுச் சீட்டுக் கட்டு. பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வெளியே லொறியும் லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) பெட்டியும் வரிசையில் நிற்கும். முன்னால் நிற்கிறவர் விடியப்புறம் வட்டையில் (வயல்வெளியில்) மெசின் வெட்டி முடித்து நேரே இங்கே வந்தவர். தூக்கம் இல்லாத கண். அவருக்கு முன்னால் சீட்டைக் கீழே வைத்து, மவுஸைத் தேடி, மெனுவைத் திறந்து, மறுபடி சீட்டை எடுத்து எந்த வரியில் விட்டோம் என்று பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை.

எங்கள் மில் முதலாளி ஹாஜியார் கொம்பியூட்டர் திரையை டீவி என்றுதான் சொல்லுவார். "தம்பி, சீட்டப் பாருங்க, டீவியப் பாக்காதீங்க." அவருக்கு எக்செல் தெரியாது. ஆனாலும் ஷோர்ட்கட் பற்றி நான் கேட்டதில் உருப்படியான வார்த்தை அதுதான். கண் சீட்டில் இருக்க வேண்டும், வலக்கை நம்பர் பேடில் இருக்க வேண்டும். எந்தக் கீயை எதற்கு மாற்றுவது என்பதை இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்தேன்.

மில்லில் இருப்பது எக்செல் மாதிரியான லிப்ரே ஒஃபிஸ் கல்க். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது லைசன்ஸுக்குக் காசு கட்டும் யோசனையே அடிபட்டுப் போனது, அதனால் வந்தது இது. காசில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக எடுத்த சொஃப்ட்வெயார், கீகளை மாற்றும் விசயத்தில் எக்செலை விடப் பல மடங்கு தாராளம் என்று பிறகுதான் தெரிந்தது. எக்செலைப் பற்றிக் கீழே வருகிறேன்.

கீயைத் தொடுவதற்கு முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கல்க் தாளின் நிரல்களைச் சீட்டின் ஒழுங்குக்கு மாற்றுங்கள். எங்கள் சீட்டில் முதலில் சீட்டு நம்பர், அடுத்து மூடை எண்ணிக்கை, நிறை, ஈரம், கடைசியில் நெல்லின் இனம். முன்பு தாளில் விவசாயியின் பெயர் முதலாவதாகவும் ஈரம் எங்கேயோ கடைசியிலும் இருந்தது. கண் சீட்டில் மேலும் கீழும் ஓடினால் எந்த ஷோர்ட்கட்டும் உதவாது. பெயரை எடுத்துவிட்டு ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு நம்பர் கொடுத்தோம். நம்பரைத் தட்டினால் பக்கத்து நிரலில் பெயரும் வட்டையும் விலுக்கப் (பட்டியலில் தேடி எடுக்கும்) சூத்திரத்தில் தானாக வரும். இனத்துக்கும் அப்படித்தான், 1 என்றால் நாடு, 2 என்றால் சம்பா, 3 என்றால் கீரிச் சம்பா. சீட்டில் உள்ள எல்லாமே இலக்கம் என்றானதும் வலக்கை நம்பர் பேடை விட்டு நகர வேண்டிய தேவை பாதி குறைந்தது.

பெயரைத் தட்டச்சு செய்வதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் மேலே இருக்கிற பெயரைக் கல்க் தானாக நிரப்பிவிடும். என்டர் தட்டினால் அதுவே பதிவாகும். ஒரே பெயரில் தொடங்குகிற ஆட்கள் எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. டூல்ஸ் மெனுவில் ஓட்டோ இன்புட் என்பதை எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். எக்செலில் ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய் ஓட்டோ கம்ப்ளீட்டை நிறுத்தலாம்.

அடுத்தது என்டர். சாதாரணமாக என்டர் தட்டினால் கீழே போகும், வலப்பக்கம் போக டாப் தட்ட வேண்டும். டாப் இருப்பது கீபோர்டின் இடப்பக்க மூலையில். என்டர் நம்பர் பேடிலேயே இருக்கிறது. ஆகவே டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லிப்ரே ஒஃபிஸ் கல்க், ஜெனரல் என்று போய், என்டர் தட்டினால் நகரும் திசையை ரைட் என்று மாற்றினேன். எக்செலிலும் அட்வான்ஸ்ட் பக்கத்தில் இதே வசதி உண்டு. இதை ஷோர்ட்கட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் செய்த மாற்றங்களில் கைக்கு அதிகம் ஓய்வு கொடுத்தது இதுதான்.

சரி, கடைசிக் கட்டத்துக்குப் பிறகு அடுத்த வரியின் தொடக்கத்துக்கு எப்படிப் போவது? வேலை தொடங்கும்போதே இலக்கம் அடிக்கிற நிரல்களையும் இருநூறு வரியையும் சேர்த்துத் தெரிவு செய்துவிடுங்கள். தெரிவுக்குள் இருக்கும்போது என்டர், வரியின் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் தானே அடுத்த வரியின் முதல் கட்டத்துக்குத் தாவும். பிழையாக அடித்துவிட்டால் அம்புக்குறிக் கீயைத் தொடாதீர்கள், தெரிவு போய்விடும். ஷிஃப்டுடன் என்டர் தட்டினால் தெரிவு அப்படியே இருக்க ஒரு கட்டம் பின்னே போகும். வலப்பக்க ஷிஃப்டும் என்டரும் கிட்டக்கிட்ட இருப்பதால் ஒரு கையே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் இடக்கை சீட்டைக் கீழே வைக்கிற இடங்கள் எவை என்று கொஞ்ச நாள் பார்த்தேன். சீட்டு மேசையில் படும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு காகிதத்தில் காரணத்தை எழுதி வைத்தேன். மாற்ற வேண்டிய கீகளின் பட்டியல் அந்தக் காகிதம்தான். இணையத்தில் கிடைக்கும் நூறு ஷோர்ட்கட் பட்டியலைப் பிறின்ட் எடுத்து ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் பெரும்பாலானவை நாம் செய்யாத வேலைக்கு.

காகிதத்தில் முதலாவதாக நின்றது விலை. நெல் விலை நின்ற இடத்தில் நிற்காது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாடு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று கொள்முதல் விலை அறிவித்தது. அது நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு, அதுவும் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால். தனியார் மில்லில் காலையில் ஒரு விலை, மழை இருட்டினால் பின்னேரம் வேறு விலை. எங்கள் கல்க் தாளில் விலை மேலே ஒரு கட்டத்தில் இருக்கிறது, கீழே எல்லா வரியும் அதைப் பார்த்துப் பெருக்குகிறது. அந்தக் கட்டத்தில் புது விலையைப் போட்டதும், காலையில் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவரின் தொகையும் சேர்ந்து மாறிவிடும். ஆகவே காசு கொடுத்த கையோடு அந்த வரியின் தொகையைச் சூத்திரத்திலிருந்து வெறும் இலக்கமாக மாற்றிப் பூட்ட வேண்டும்.

வழக்கமான வழி, கொப்பி எடுத்து, பேஸ்ட் ஸ்பெஷல் போய், இலக்கத்தை மட்டும் ஒட்டுவது. கொன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி அந்தப் பெட்டியைத் திறக்கும். அதற்குப் பிறகும் தெரிவுகள் இருக்கின்றன. கல்கில் இதைவிடக் குறுக்கு வழி ஒன்று உண்டு, டேட்டா மெனுவில் கல்குலேட் என்பதற்குள் ஃபோர்முலா டு வெல்யூ. கொப்பியும் வேண்டாம், ஒட்டுதலும் வேண்டாம், இருந்த இடத்திலேயே சூத்திரம் இலக்கமாகிவிடும். மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருப்பதால் பலருக்குத் தெரியாது. இதைத்தான் எஃப்12 கீக்குக் கொடுத்தேன்.

கொடுக்கும் முறை இதுதான். டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ், அதில் கீபோர்ட் என்ற பக்கம். மேலே கீகளின் நீண்ட வரிசை. வலப்பக்கத்தில் லிப்ரே ஒஃபிஸ், கல்க் என்று இரண்டு தெரிவு. கல்க் என்பதை எடுங்கள், இல்லாவிட்டால் கடிதம் எழுதும் ரைட்டரிலும் அந்தக் கீ மாறிவிடும். வரிசையில் எஃப்12ஐத் தெரிவு செய்து, கீழே உள்ள தேடும் பெட்டியில் கட்டளையின் பெயரை அடித்தால் அது வந்து நிற்கும். அசைன் தட்ட வேண்டும், பழைய பதிப்புகளில் மொடிஃபை என்று இருக்கும். மறுகா ஓகே. அவ்வளவுதான்.

எஃப்12க்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு, வரிகளைக் குழுவாக்குவது. எங்கள் மில்லில் யாரும் வரிகளைக் குழுவாக்கியதில்லை, ஆகவே எடுத்துக்கொண்டேன். எஃப்7 ஸ்பெல் செக். இலக்கத் தாளில் அதற்கு என்ன வேலை? அதையும் எடுத்தேன். ஆனால் எஃப்2, எஃப்4, எஃப்9 மூன்றையும் தொடாதீர்கள். எஃப்2 கட்டத்தைத் திருத்த, எஃப்4 சூத்திரத்தில் டொலர் குறி போட, எஃப்9 மறுபடி கணக்கிட. நாளைக்கு வேறு யாரோ உங்கள் மேசையில் உட்காரும்போது இவை அந்தந்த வேலையைத்தான் செய்ய வேண்டும். கொன்ட்ரோலுடன் சேர்ந்த சி, வி, எஸ், இஸட் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

காகிதத்தில் இரண்டாவது திகதி. இதற்குக் கீ மாற்றத் தேவைப்படவில்லை. கொன்ட்ரோலும் அரைப்புள்ளியும் சேர்த்துத் தட்டினால் இன்றைய திகதி விழும், எக்செலிலும் அப்படியே. வலப்பக்கக் கொன்ட்ரோலைப் பெருவிரலால் அமர்த்தி அரைப்புள்ளியை நடுவிரலால் எட்டலாம். கொஞ்சம் பழக வேண்டும், ஆனால் ஒற்றைக் கை. சிலர் டுடே என்ற சூத்திரத்தைப் போட்டுவிடுகிறார்கள். அது ஒவ்வொரு நாளும் மாறும். மாசி மாதச் சீட்டைச் சித்திரையில் திறந்தால் சித்திரைத் திகதி காட்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த மாற்றம். ஈரம் 14ஐத் தாண்டிய வரிகளைக் கல்கே நிறம் மாற்றிக் காட்டும்படி நிபந்தனை போடலாம், போட்டும் இருக்கிறோம். ஆனால் எங்கள் தொழிலில் ஈரமானியின் இலக்கம் கடைசி வார்த்தை இல்லை. 16 காட்டும், ஹாஜியார் ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்து ஒன்றைக் கடித்துப் பார்ப்பார், போடியார் (வயற்காரர்) ஏதோ சொல்லுவார், இருவரும் சிரிப்பார்கள், ஈரத்துக்கான கழிவு பாதியாகும். அந்த வரிகள் எவை என்று மாத முடிவில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு ஸ்டைல் செய்தேன். ஒரு கட்டத்துக்கு மெல்லிய மஞ்சள் பூசி, எஃப்11 தட்டி ஸ்டைல் பட்டியைத் திறந்து, அதைப் புது ஸ்டைலாகப் 'பேசித் தீர்த்தது' என்ற பெயரில் சேமித்தேன். தமிழ்ப் பெயர் ஒரு பிரச்சினையும் இல்லை. அதன் பிறகு அதே கஸ்டமைஸ் பெட்டியில் கட்டகரி வரிசையின் கடைசிப் பக்கம் போனால் ஸ்டைல்ஸ் இருக்கும். அதற்குள் நாம் செய்த ஸ்டைலும் நிற்கும். எஃப்7 இப்போது அது. ஹாஜியார் சிரித்தால் எஃப்7.

ஸ்டைலின் நன்மை என்னவென்றால், நிறம் பிடிக்காவிட்டால் ஸ்டைலை ஒரு தடவை மாற்றினால் போதும், பூசிய எல்லாக் கட்டமும் மாறும். ஆனால் ஸ்டைல் அந்த ஃபைலுக்குள் இருப்பது, கீ கொம்பியூட்டருக்குள் இருப்பது. புது மாதத்துக்குப் புதுத் தாள் தொடங்கும்போது வெறும் தாளில் தொடங்காமல் போன மாதத் தாளைக் கொப்பி எடுத்துத் தொடங்க வேண்டும்.

இனி எக்செல். களுவாஞ்சிகுடியில் என் அக்கா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அங்கே எக்செல்தான். "எனக்கும் அந்த எஃப்12ஐச் செய்து தா" என்றா. எக்செலில் எஃப்12 சேவ் அஸ், அதை மாற்றப் பெட்டி ஒன்றும் கிடையாது. வேர்டில் கீகளை மாற்றும் பெட்டியை வைத்த அதே கொம்பனி எக்செலில் ஏன் வைக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மெக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதினால் ஆன்கீ என்ற கட்டளையால் எந்தக் கீயையும் திருப்பலாம். மெக்ரோவுக்குக் கொன்ட்ரோலுடன் ஓர் எழுத்தும் கொடுக்கலாம். ஆனால் மெக்ரோ தாளில் ஏதாவது மாற்றினால் அதற்கு முன் செய்தவற்றைக் கொன்ட்ரோல்-இஸட்டால் திருப்ப முடியாது. காசுக் கணக்குத் தாளில் அது எனக்குச் சரிவரவில்லை. அக்காவுக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அவவுக்குச் செய்து கொடுத்தது குவிக் அக்செஸ் டூல்பார். ரிபனில் (மேலே உள்ள பட்டன் பட்டையில்) எந்தக் கட்டளையிலும் மவுஸின் வலப்பட்டனைத் தட்டினால் அதை டூல்பாரில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும். சேர்த்ததும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றுக்கும் ஆல்ட்-1, ஆல்ட்-2 என்று கீ கிடைக்கும், ஒன்பது வரை. ஏற்கெனவே அங்கே நிற்கிற சேவ், அன்டு, ரீடு மூன்றையும் எடுத்துவிடுங்கள். அவற்றுக்குத் தனிக் கீ இருக்கிறது, நல்ல இடத்தைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கின்றன. முதலிடத்தில் இலக்கத்தை மட்டும் ஒட்டும் பேஸ்ட் வெல்யூஸ் வைத்தோம்.

அடுத்த நாளே போன் வந்தது. "தம்பி, ஆல்ட் ஒன்று அடிச்சா ஒட்டுதில்ல, இங்கிலீஷ் அடிக்கப் போனாத் தமிழ் வருது." அவவின் கொம்பியூட்டரில் தமிழ் அடிக்க என்எச்எம் ரைட்டர் இருந்தது. அது தமிழ் விசைப்பலகைகளை மாற்ற ஆல்ட்-1, ஆல்ட்-2 கீகளைத்தான் பிடித்து வைத்திருக்கும். எக்செலுக்குப் போக முதலே அது வாங்கிக்கொள்கிறது. தமிழில் வேலை செய்கிற ஆட்களுக்கு மட்டும் வரும் வில்லங்கம் இது, ஷோர்ட்கட் பட்டியல் போடுகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. வழி இருக்கிறது. எக்செலில் ஆல்ட் தட்டினால் ரிபனில் சின்னச் சின்ன எழுத்துகள் தோன்றும் அல்லவா, அதே வேலையை எஃப்10 கீயும் செய்யும். எஃப்10ஐத் தட்டிக் கையை எடுத்து, பிறகு 1. ஆல்ட் இல்லாததால் என்எச்எம் ரைட்டர் கவனிக்காது. ஒரே நேரத்தில் இரண்டு கீயை அமர்த்தவும் தேவையில்லை.

புதிய மைக்ரோசொஃப்ட் 365 இருந்தால் இந்தப் பாடு வேண்டாம். 2022இல் இருந்து கொன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி நேரே இலக்கத்தை மட்டும் ஒட்டுகிறது. அதே கீ கல்கில் பெட்டியைத் திறக்கும். இரண்டிலும் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்செலில் ஒரு கட்டத்துக்குள் அடுத்த வரிக்குப் போக ஆல்ட்-என்டர், தெரிவு செய்த எல்லாக் கட்டத்திலும் ஒன்றையே நிரப்பக் கொன்ட்ரோல்-என்டர். கல்கில் இவை இரண்டும் நேர் எதிர்மாறு. முகவரி அடிக்கப் போய்த் தெரிவு செய்த நிரல் முழுவதும் ஒரே முகவரி வந்து நிற்கும்.

கூகிள் ஷீட்ஸில் மெக்ரோவுக்கு மட்டும்தான் சொந்தக் கீ. கொன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றுடன் ஓர் இலக்கம். ஒற்றைக் கைக்காரனுக்கு அது சரிவராது, விட்டுவிடுவோம்.

லப்டொப் வைத்திருப்பவர்களுக்கு எஃப் கீகளில் வெளிச்சமும் சத்தமும் வந்து நிற்கும். எஃப்12 தட்டினால் சூத்திரம் பூட்டாமல் வேறு ஏதாவது நடந்தால் கல்கைத் திட்ட வேண்டாம். பல லப்டொப்பில் எஃப்என் கீயுடன் எஸ்கேப் தட்டினால் எஃப் கீகள் பழைய வேலைக்குத் திரும்பும். அதுவும் நடக்காவிட்டால் பயோஸில் (வின்டோஸ் தொடங்க முதல் வரும் அமைப்பில்) மாற்ற வேண்டியிருக்கும்.

மில்லில் இரவு நேரம் இன்னொரு தம்பி வேலை செய்கிறான், நிந்தவூர்ப் பொடியன். அறுவடை உச்சத்தில் விடியும் வரை லொறி வரும். ஒரே மேசை, ஒரே கொம்பியூட்டர். கீ மாற்றம் ஃபைலுடன் போவதில்லை, அந்தக் கொம்பியூட்டரில் அந்த வின்டோஸ் கணக்குடன் நிற்கும். ஆகவே அவனுக்குத் தனி வின்டோஸ் கணக்குத் திறந்து கொடுத்தோம். என் கீகளை அவன் கணக்குக்குக் கொண்டுபோக, கஸ்டமைஸ் பெட்டியில் சேவ் தட்டினால் ஒரு சி.எஃப்.ஜி ஃபைல் கிடைக்கும், அங்கே போய் லோட் தட்டி அதைக் காட்டினால் சரி. அந்த ஃபைலைப் பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று வைத்திருங்கள். அதே பெட்டியில் பக்கத்திலேயே ரீசெட் என்ற பட்டனும் இருக்கிறது. நீங்கள் மாற்றிய எல்லாவற்றையும் அது கழுவிவிடும். கரன்ட் போய் வந்து லிப்ரே ஒஃபிஸின் அமைப்புக் குழம்பினாலும் அந்த ஃபைல்தான் கைகொடுக்கும்.

லோட் செய்து கொடுத்த இரவே அவன் முறைப்பாட்டுடன் வந்தான். "அண்ணன், உங்கட எஃப்12 எனக்கு எட்டுதில்ல." எனக்கு முதலில் விளங்கவில்லை, எட்டாமல் போக கீபோர்ட் என்ன வயலா? அப்புறம்தான் பார்த்தேன், அவன் இடக்கைக்காரன். சீட்டு அவனுக்கு வலக்கையில். நான் பார்த்துப் பார்த்து வலப்பக்கம் ஒதுக்கிய கீகள் எல்லாம் அவனுக்குத் தூரத்தில். ஆகவே அவன் கணக்கில் ஃபோர்முலா டு வெல்யூ எஃப்3க்கு வந்தது. திகதிக்கான கட்டளையைத் தேடி எஃப்5க்குக் கொடுத்தோம். 'பேசித் தீர்த்தது' வேண்டாம் என்றான், இரவில் ஹாஜியார் இருப்பதில்லை, பேசித் தீர்க்க அவனுக்கு அதிகாரமும் இல்லை. நம்பர் பேட் மட்டும் தனியாக யூஎஸ்பியில் ஒன்று வாங்கி மேசையின் இடப்பக்கம் வைத்திருக்கிறோம். அவனுடைய சி.எஃப்.ஜி ஃபைல் வேறு, என்னுடையது வேறு. பென் டிரைவில் பெயர் போட்டு இரண்டும் இருக்கின்றன.